சும்மா என்றொரு குறிப்பு

தூத்துக்குடி இணைப்பு நிலையத்துக்கு வருகிறவர்கள் கித்தேரி மச்சாதுவிடம் முதலில் திட்டு வாங்குவார்கள், பிறகுதான் உட்கார நாற்காலி கிடைக்கும். அவளைப் பற்றிப் புகார் சொல்லாத ஆள் அந்தக் கரையில் இல்லை; அவளை விட்டு வேறு இடம் தேடிப் போன ஆளும் இல்லை. இத்தனை வருடத்தில் அவள் கைவைத்த இணைப்பு ஒன்றுகூடப் பிசகியதில்லை. அது அவளுக்கே தெரியும் என்பதுதான் மற்றவர்களுக்குத் தொல்லை.

அன்று காலை அவள் முன்னால் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். சட்டப்படி எண்ணினால் இரண்டே பேர். மணப்பாட்டுச் செபஸ்தி பர்னாந்து, அவர் மனைவி ரெஜினாள், மறுபடியும் செபஸ்தி பர்னாந்து.

குலசேகரபட்டினத்திலிருந்து விண்கலங்கள் கிளம்ப ஆரம்பித்த பிறகு அந்தப் பக்கத்தில் இது பழகிப்போன காட்சிதான். நிலாவைச் சுற்றி மிதக்கும் கப்பல் பட்டறையில் வேலை பார்க்க மனித உடம்பு வேண்டாம், மனித மனசு மட்டும் போதும். ஆகவே ஆளை அப்படியே பதிவெடுத்து ஒரு கிளை பிரிப்பார்கள். கிளை மேலே போய் இரும்பு உடம்பில் இரண்டு வருடம் வேலை பார்க்கும். ஆள் கீழேயே வீட்டுச் சோறு தின்றுகொண்டு, கோயில் கொடியேற்றத்துக்குக் கயிறு பிடித்துக்கொண்டு இருப்பார். தவணை முடிந்ததும் கிளை இறங்கி வரும். இரண்டையும் சேர்த்து ஒரே ஆளாக்க வேண்டும், அதுதான் கித்தேரியின் வேலை. கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதுகிறவர்கள் காலங்காலமாகச் செய்துவந்ததுதான் இது. கிளை பிரி, மாற்று, சேமி, திரும்ப அடிமரத்தில் சேர். நிரலுக்குச் செய்யும்போது யாரும் அழுவதில்லை, இங்கே அழுவார்கள்.

மேலிருந்து வந்த செபஸ்திக்கு நிலையம் ஓர் இரவல் உடம்பு கொடுத்திருந்தது. சாம்பல் நிறம், வழுவழு முகம். ஆனாலும் அவர் நிமிடத்துக்கு ஒரு தடவை இல்லாத மீசையை முறுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கீழ்ச் செபஸ்தி இருக்கிற மீசையை முறுக்கிக்கொண்டிருந்தார். ரெஜினாள் இருவருக்கும் நடுவில் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, திங்கக்கிழமை எங்க ஜெனோவாவுக்குக் கல்யாணம். கோயில்ல ஓலை வாசிச்சாச்சு, பந்தல் போட்டாச்சு. இவிய முந்தாநாத்து எறங்கி வந்து, கல்யாணம் நடக்காதுங்காவ."

"யாரு மாப்பிள்ளை?"

"அருளப்பன் மவன் அமலன்," என்றார் கீழ்ச் செபஸ்தி. "அருளப்பன் யாரு? எங்கூட ஒரே வள்ளத்துல வளந்தவன். மேலயும் ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் கிளை போனோம். அவன் முந்தியே எறங்கிட்டான். வந்த கையோட எங்க வீட்டுப் படியேறி, 'ஒம் மவளக் குடு'ன்னு கேட்டான். எனக்கு அதவிட என்ன சந்தோசம் வேணும்?"

"அவன் வாசல்ல எம் மவ கால் வைக்க மாட்டா," என்றார் மேல் செபஸ்தி.

"ஏன்?"

"சும்மா."

கித்தேரி பேனாவை மேசைமேல் வைத்தாள். அந்த ஒரு சொல்லைக் கேட்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

காரணம் இருக்கிறது. கிளையில் இருப்பவர்கள் தினமும் ஒரு முறை தங்களைச் சேமிக்க வேண்டும். சேமிக்கும்போது தனியறையில், தன் வாயால், இன்றைக்கு என்னிடம் என்ன மாறியது, ஏன் மாறியது என்று ஒரு குறிப்பு சொல்ல வேண்டும். நாளைக்கு இணைக்கிறவளுக்கு அந்தக் குறிப்புகள்தான் வழிகாட்டி. கித்தேரி கிளை போகிற ஒவ்வொருவருக்கும் அடித்து அடித்துச் சொல்லி அனுப்புவாள். போனவர்கள் ஒரு மாதம் ஒழுங்காகச் சொல்வார்கள். பிறகு 'வேலை', 'அதே', 'நேத்து மாதிரி' என்று தேயும். கடைசியில் எல்லாரும் வந்து நிற்கிற இடம் 'சும்மா'. நிரல் எழுதுகிறவர்களிலும் இந்தச் சோம்பேறிகள் உண்டு என்று கேள்வி.

மேல் செபஸ்தியின் கிளையை அவள் காலையிலேயே திறந்து பார்த்திருந்தாள். எழுநூற்றுச் சொச்சம் சேமிப்புகள். முதல் நாள் குறிப்பு: 'ரெஜினாளை நெனச்சு அழுதேன், யார்ட்டயும் சொல்லாதிய.' மூன்றாம் நாளிலிருந்து சும்மா. கடைசிவரைக்கும் சும்மா.

"சோம்பேறித்தனமா, இல்ல உள்நோக்கமா?" என்று கேட்டாள்.

மேல் செபஸ்தி சிரித்தார். "குறிப்புல யாரு பேரச் சொன்னாலும், அவன் வந்து கேட்டா போட்டுக் காட்டணும்னு சட்டம் இருக்குல்லா தங்கச்சி? பேரச் சொன்னாத்தான வம்பு? எனக்கு எதுக்கு?"

அந்தச் சட்டம் உண்மைதான். ஒருவர் குறிப்பில் இன்னொருவர் பெயர் வந்தால், பெயருக்குரியவர் கேட்கும்போது அதைக் கேட்க அவருக்கு உரிமை உண்டு. முதுகுக்குப் பின்னால் யாரும் யாரைப் பற்றியும் எழுதிவைக்கக் கூடாது என்று யாரோ நல்ல எண்ணத்தில் கொண்டுவந்தது.

"இணைச்சுப் பாத்தேன்," என்றாள் கித்தேரி. "எல்லாம் சேருது. மேல படிச்ச வேலை சேருது, கத்துக்கிட்ட ரஷ்யக் கெட்ட வார்த்தை எல்லாம் சேருது. ஒரே ஒரு எடத்துல முட்டுது. அருளப்பன்னு ஒரு எடம். கீழ இருக்குறவர்ட்ட அது உசிரு. மேல இருந்து வந்தவர்ட்ட அது வெசம். மெஷின் என்னயப் பாத்து, எத வைக்கன்னு கேட்டுக்கிட்டு நிக்கு."

"ரெண்டையும் வைங்க," என்றாள் ரெஜினாள்.

"வச்சா என்ன ஆகும் தெரியுமா? பந்தல்ல சம்பந்தியக் கட்டிப் புடிச்சு அழுவாரு, அழுதுக்கிட்டே கழுத்த நெரிப்பாரு."

ரெஜினாள் குரலைத் தாழ்த்தினாள். "அப்ப அந்த ரெண்டு வருசத்த மடிச்சிருங்கக்கா. எல்லாரும் செய்யுதாவளே."

மடிப்பு என்பது வேறொன்றுமில்லை. கிளையின் அத்தனை சேமிப்புகளையும் அமுக்கி ஒரே சேமிப்பாக்குவது. கிளையை வெட்டி எறிந்தால் கொலை, மடித்தால் குற்றமில்லை. முடிவு மிஞ்சும், முடிவுக்கு வந்த வழி மிஞ்சாது. வேலை தெரியும், எப்போது படித்தோம் என்று தெரியாது. ஒருத்தரைப் பிடிக்காது, ஏன் பிடிக்காது என்று தெரியாது. சேர்ப்பது சுலபம், முட்டல் வந்தால் ஒரு பக்கத்தை அழுத்தி உட்காரவைத்துவிடலாம். நாகர்கோவில் பக்கமெல்லாம் அரை மணி நேரத்தில் மடித்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

"முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்குத வேலை அது," என்றாள் கித்தேரி. "சிப்பிகுளத்துல ஒருத்தர் மடிச்சாரு. இப்ப குக்கர் விசில் சத்தம் கேட்டா ஒக்காந்து அழுவாரு. ஏன்னு அவருக்கும் தெரியல, எனக்கும் தெரியல. காரணம் தெரிஞ்சா ஆறுதல் சொல்லலாம், சண்ட போடலாம், சரி போன்னு விடலாம். காரணத்த எரிச்சிட்டு கோவத்த மட்டும் வச்சிருந்தா, அந்தக் கோவம் சாவுத வரைக்கும் போகாது. ஒங்க சம்பந்தி அருளப்பனும் மடிச்சவருதான், தெரியுமா?"

மேல் செபஸ்தியின் கை மீசை இருக்க வேண்டிய இடத்தில் நின்றது. "அவனா? மடிச்சிட்டானா?"

"நாந்தான் மடிச்சேன். வேண்டாம் வேண்டாம்னு தலபாடா அடிச்சிக்கிட்டேன். முட்டாப்பயலேன்னு மூஞ்சிக்கு நேரா ஏசுனேன். சிரிச்சிக்கிட்டே, மடிங்க தாயின்னு ஒத்தக் கால்ல நின்னாரு. அவரு மனசு, அவரு உரிமை. மடிப்புக்கும் ஒரு குறிப்பு சொல்லணும்லா, கதவச் சாத்திட்டு நா வெளிய வந்துட்டேன். மூணு மாசம் ஆச்சு. அவர்ட்ட போய், மேல என்ன நடந்துச்சுன்னு நீங்க கேட்டாலும் அந்த மனுசனுக்குத் தெரியாது."

மேல் செபஸ்தி எதையோ முழுங்கியது போல இருந்தது. இரவல் உடம்பில் முழுங்க ஒன்றுமில்லை, பழக்கம்.

"நா தேடப் போறேன்," என்றாள் கித்தேரி.

"தேடுங்க. எல்லாம் சும்மாதான்."

"எழுநூறு சும்மாவுல எது சும்மா இல்லன்னு கண்டுபுடிக்கத்தான் என்னய வச்சிருக்காவ."

அவள் தேடுகிற முறையும் நிரல்காரர்களிடமிருந்து வந்ததுதான். கிளையின் ஆரம்பத்தில் அருளப்பன்மேல் பாசம் இருக்கிறது, முடிவில் வெறுப்பு இருக்கிறது. நடுவில் ஏதோ ஒரு நாளில் அது திரும்பியிருக்க வேண்டும். சரியாகப் பாதியில் ஒரு சேமிப்பை எழுப்பிக் கேட்பது. பாசமாகப் பேசினால் முன்பாதியை விட்டுவிடலாம், வெறுப்பாகப் பேசினால் பின்பாதியை விட்டுவிடலாம். மிச்சத்தை மறுபடி பாதியாக்கி எழுப்புவது. பத்துத் தடவை வெட்டினால் நாள் அகப்பட்டுவிடும்.

எழுப்புவது என்றால் விளையாட்டில்லை. எழுகிறவன் முழு மனிதன். இரண்டு நிமிடம் இருப்பான், பேசுவான், பிறகு உறங்கிவிடுவான். அந்த இரண்டு நிமிடம் யாருக்கும் ஞாபகத்தில் சேராது. ஆகையால் கித்தேரி எழுப்புகிறவர்களிடம் பொய் சொல்லமாட்டாள், அவர்களைத் திட்டவும் மாட்டாள். அவள் திட்டாத மனிதர்கள் அவர்கள் மட்டும்தான்.

சட்டப்படி இரண்டு செபஸ்திகளும் கூட இருக்க வேண்டும். ரெஜினாளை வெளியே உட்காரவைத்து, கதவைச் சாத்தினாள்.

முதல் வெட்டு, சரிபாதியில். ஒலிபெருக்கியில் ஒரு கொட்டாவி.

"அண்ணே, நா தூத்துக்குடி கித்தேரி. இது ஒங்க பழைய சேமிப்பு. ஒரு கேள்வி கேட்டுட்டு ஒறங்க வச்சிருவேன். அருளப்பன் எப்படி இருக்காரு?"

"அருளா? அவனுக்கென்ன, கெழவன் மாதிரி இருமிக்கிட்டே வேல பாக்கான். இரும்பு ஒடம்புக்கு எதுக்குலே இருமல்னு கேட்டா, வீட்டு ஞாபகம்ங்கான். அவன் இல்லன்னா நா இங்க பைத்தியம் புடிச்சிச் செத்திருப்பேன் தங்கச்சி. ரெஜினாகிட்ட சொல்லு, நா..."

"சொல்லுதேன்ணே. நன்றி. ஒறங்குங்க."

கீழ்ச் செபஸ்தி கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேல் செபஸ்தி ஜன்னலைப் பார்த்தார்.

பின்பாதியின் நடுவில் எழுப்பினாள். "அவன் பேச்ச எடுக்காதிய," என்றது குரல். அவ்வளவுதான். அதற்கு முன்னால் போனாள். பாசம். அதற்குப் பின்னால். வெறுப்பு. வலையின் இரண்டு முனையையும் பிடித்துக் கரைக்கு இழுப்பதுபோல இடைவெளி சுருங்கிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு செபஸ்தி எழுந்து, வணக்கம் சொல்லி, பேசி, உறங்கினார். மேல் செபஸ்தி இப்போது மீசையைத் தொடவே இல்லை. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"போதும் தங்கச்சி," என்றார். "மடிச்சிருங்க. நானும் ஒத்துக்கிடுதேன். கல்யாணம் நடக்கட்டும். மடிச்சிருங்க."

கித்தேரி திரும்பிப் பார்த்தாள். கல்யாணம் நடக்காது என்று இறங்கி வந்த ஆள் திடீரென்று நடக்கட்டும் என்கிறார். எதையோ நெருங்கிவிட்டோம் என்று அவளுக்குத் தெரிந்தது.

"இன்னும் ஒண்ணே ஒண்ணுதான்ணே," என்று இடைவெளியில் மிஞ்சியிருந்த ஒரே சேமிப்பை எழுப்பினாள். குறிப்பு வழக்கம்போல, சும்மா.

கொட்டாவி வரவில்லை. 

"அண்ணே, நா தூத்துக்குடி கித்தேரி. இது ஒங்க..."

"தங்கச்சி," என்றது குரல். "நா கவுத்த விட்டுட்டேன்."

கீழ்ச் செபஸ்தி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

அந்தக் கரையில் ஒருவனை எந்த வார்த்தை சொல்லி ஏசினாலும் சாயங்காலம் ஒன்றாக உட்கார்ந்து பேசலாம். 'கவுத்த விட்டவன்' என்று மட்டும் சொல்லக் கூடாது. கடலில் ஒருவன் தண்ணீருக்குள் இறங்கினால் மற்றவன் வள்ளத்தில் கயிற்றைப் பிடித்திருப்பான். இறங்கினவன் கால் பலகையில் படும்வரை விடமாட்டான். வானம் இடிந்தாலும் இரண்டு பேரில் ஒருத்தன் கையில் கயிறு இருக்க வேண்டும். அதை எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லிக்கொடுத்ததில்லை. இந்த வழக்கம் இருக்கிறது என்பதற்காகவே பட்டறைக்காரர்கள் வெளிவேலைக்கு அந்தக் கரை ஆட்களைத் தேடி எடுத்தார்கள்.

"என்ன நடந்துச்சுண்ணே?" என்று மெதுவாகக் கேட்டாள் கித்தேரி.

"அவன் வெளிய, கப்பல் மேல ஓடு ஒட்டிக்கிட்டு இருந்தான். நா வாசல்ல கவுத்தப் புடிச்சிருந்தேன். என் ஒடம்புல சங்கு ஊதிருச்சு, சூடு ஏறுது, வெடிக்கும்னு. நா... நா விட்டுட்டு உள்ள ஓடிட்டேன் தங்கச்சி. கதவச் சாத்திட்டேன். அது பொய்ச் சங்கு. திரும்பி வந்து பாத்தா அவன் இல்ல. ஒரு பகல் பூரா இருட்டுக்குள்ள மெதந்துக்கிட்டே போயிருக்கான். எங்கயோ ஒரு இழுவைக் கப்பல் புடிச்சுக் கொண்டாந்துச்சு. தன் கொக்கியத் தானே கழட்டிக்கிட்டதா விசாரணையில சொல்லுதான். எம் மொகத்தப் பாத்துக்கிட்டே சொல்லுதான். நா வாயத் தொறக்கல. இப்ப இதுக்கு என்ன குறிப்பு சொல்லட்டும்? என்னன்னு சொல்லட்டும்?"

கித்தேரி இரண்டு நிமிடத்துக்கு மேல் அவரை விழித்திருக்க விட்டாள். விதிப்படி தவறு. "ஒறங்குங்கண்ணே," என்றாள் கடைசியில், "நாங்க பாத்துக்கிடுதோம்."

ஒலிபெருக்கி அடங்கியதும் பளாரென்று ஒரு சத்தம் கேட்டது. கீழ்ச் செபஸ்தி மேல் செபஸ்தியின் வழுவழுக் கன்னத்தில் அறைந்திருந்தார்.

"கவுத்த விட்டியாலே? என் அருளோட கவுத்த விட்டியாலே நீ?"

மேல் செபஸ்தி தடுக்கவில்லை. "அவன் சண்ட போட்டிருந்தா சரியாப் போயிருக்கும். காட்டிக் குடுத்திருந்தா நிம்மதியாப் போயிருக்கும். பழிய ஏத்துக்கிட்டு, வேலைய விட்டு அனுப்புத வரைக்கும் எம் பக்கத்துல வந்து நின்னு சிரிச்சான். தெனமும் சிரிச்சான். அந்தச் சிரிப்பப் பாக்க முடியாமத்தான் வெறுக்க ஆரம்பிச்சேன். இனி காலம் பூரா சம்பந்தின்னு அவன் வீட்டுல போய் ஒக்காரணும்னா எப்படி? நீ சொல்லு. நீ இருந்தா என்ன செஞ்சிருப்ப?"

"நானா? நா விட்டிருக்கவே மாட்டேன்!"

"நீங்கதான்ணே விட்டிய," என்றாள் கித்தேரி.

கீழ்ச் செபஸ்தி ஓங்கிய கையோடு நின்றார். அவருக்கு அது இப்போதுதான் உறைத்தது. இந்த வழுவழு முகத்துக்காரன் வேறொருவன் இல்லை. அன்றைக்குக் கிளை பிரித்தபோது சீட்டு மாறி விழுந்திருந்தால், அந்த வாசலில் நின்று சங்குச் சத்தம் கேட்டது அவராகவே இருந்திருக்கும். கை தானாகக் கீழே இறங்கியது.

"குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்பாவ," என்றாள் கித்தேரி. "ஒங்க நெஞ்சு குறுகுறுக்கல, கொழுந்து விட்டு எரிஞ்சிருக்கு. இது அருளப்பன் மேல உள்ள கோவம் இல்ல. ஒங்க மேல ஒங்களுக்கு உள்ள கோவம், அட்ரஸ் மாறிப் போயி நிக்கு. இத மடிச்சம்னா அட்ரஸ் மாறுனது மாறுனதாவே இருக்கும். எதுக்குன்னே தெரியாம சம்பந்திய வெறுத்துக்கிட்டுச் சாவிய."

"அந்த ஒரு நாள மட்டும் எடுத்துற முடியாதா?" என்றார் மேல் செபஸ்தி.

"நடந்தத எடுக்க முடியாதுண்ணே. அதுக்கு மேல புதுசா ஒண்ணு எழுதலாம். அம்புட்டுதான் யாராலயும் முடியும்."

இரண்டு செபஸ்திகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கீழ்ச் செபஸ்திதான் முதலில் கையெழுத்துப் போட்டார். முழு வரலாற்றோடு, மடிப்பு இல்லாமல்.

இந்தத் தடவை மெஷின் எங்கேயும் நிற்கவில்லை. சாயங்காலம் ஒரே ஒரு செபஸ்தி மீசையை முறுக்காமல் வெளியே வந்தார். ரெஜினாள் அவர் முகத்தைப் பார்த்தாள். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். கித்தேரி தேநீர் வரவழைத்துக் குடித்தாள். தன் வேலையை நினைத்து அவளுக்குப் பெருமையாக இருந்தது, அதை மறைக்க அவள் முயலவும் இல்லை.

மறுநாளே அவர்கள் திரும்ப வந்து நின்றபோதுதான் பெருமை கொஞ்சம் இறங்கியது. செபஸ்தி நாற்காலிக்குக் காத்திருக்காமல் நுழைந்தார். ரெஜினாள் வாசலிலேயே நின்றுகொண்டாள்.

"போய் அவங்கிட்ட சொன்னேன் தங்கச்சி. கால்ல விழுந்து, ஒண்ணு விடாம சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"கதை கேட்டான்! யாரோ கொழும்புல உள்ளவன் கதையக் கேக்குத மாதிரி 'அப்படியா, அப்படியா'ன்னு கேட்டான். 'எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லியேடா, நீ எதுக்கு இப்ப அழுத, பந்திக்கு எத்தன எல சொல்லட்டும்'ங்கான். மன்னிச்சேன்னு சொல்லுதானான்னா, அதையும் சொல்லுதான். 'சரிடே, மன்னிச்சேன் போ'ன்னு சொல்லுதான். மன்னிக்கிறதுக்கு அவங்கிட்ட என்ன இருக்கு? காயம் பட்டவன்தான மன்னிக்கணும்? அந்தக் காயம் பட்டவனத்தான் நீங்க மடிச்சிட்டியளே!"

இதைத்தானே கித்தேரி அன்றைக்கு அருளப்பனிடம் தொண்டை வற்றக் கத்தினாள்? 'நாளைக்கு ஒங்ககிட்ட ஒருத்தன் வந்து எதயாவது கேட்டா என்ன செய்விய?' என்று.

"இன்னொண்ணு," என்றார் செபஸ்தி. "நா எந்திரிச்சு வரும்போது காத்துக்குக் கதவு அடிச்சுச் சாத்திக்கிடுச்சு. அவனுக்கு வேர்த்து ஊத்திருச்சு. ஓடிப்போய்த் திறந்து வச்சான். கொஞ்ச நாளா கதவு சாத்துனா இப்படி ஆகுது, ஏன்னு தெரியலங்கான். எனக்குத் தெரியும்லா ஏன்னு? சொன்னேன். 'அதுவா, அப்பச் சரி'ன்னு மூச்சு விட்டான். அதுக்குப் பெறகு நானே போய்ச் சாத்திப் பாத்தேன். சும்மா இருந்தான். எம் முதுகுல தட்டுனான். இவ்வளவுக்கும் பெறகு எனக்குத்தான் ஒறக்கம் இல்ல."

கீழே துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதியது.

"மடிக்கும்போது அவன் ஒரு குறிப்பு சொன்னாம்னு சொன்னியள்ள?" என்றார் செபஸ்தி திடீரென்று. "அதுல எம் பேரு இருக்குமா?"

கித்தேரி நிமிர்ந்தாள். மடிப்புக்குள் ஒன்றும் இருக்காது என்பது அவளுடைய வேதம். அதனால் அந்தக் குறிப்பைப் பற்றி இதுவரை அவள் நினைக்கவே இல்லை. பெயருக்குரியவர் கேட்காமல் அவளாலும் அதைத் திறக்க முடியாது.

"கேட்டுப் பாப்போம்," என்றாள். செபஸ்தியின் கைரேகையை வைத்து, அருளப்பனின் மடிப்பில் அவர் பெயர் உண்டா என்று மெஷினிடம் கேட்டாள்.

உண்டு என்றது மெஷின். குறிப்பில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன, இரண்டு பேருமே அறையில் இருப்பதால் போட்டுக் காட்டலாம் என்றது.

"ரெண்டாவது யாரு?" என்றார் செபஸ்தி.

திரையில் கித்தேரியின் பெயர் இருந்தது.

அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து பொத்தானை அழுத்தினாள். முதலில் ஒரு இருமல் வந்தது. பிறகு அருளப்பனின் குரல், அவசரமில்லாமல்.

"நா மணப்பாட்டு அருளப்பன் ரொட்ரிகோ. என்ன மாறுச்சு, ஏன் மாறுச்சுன்னு சொல்லணுமாம். சொல்லுதேன். செபஸ்தி கவுத்த விட்டான். பயந்து விட்டான். நானா இருந்தாலும் விட்டிருப்பேனோ என்னவோ, யாரு கண்டா. அந்த இருட்டுக்குள்ள போகும்போதே அவன மன்னிச்சிட்டேன். இதுல எழுதிக்கிடுங்க, மன்னிச்சிட்டேன். ஆனா காலைல மன்னிக்கேன், மத்தியானம் கோவம் திரும்ப வந்து ஒக்காந்துக்கிடுது. மறுபடி மன்னிக்கேன், மறுபடி வருது. எம் மவன் அவன் மவளத்தான் கட்டுவேங்கான். கோவத்த மடியில கட்டிக்கிட்டு அந்த வீட்டுப் படி ஏற எனக்கு இஷ்டம் இல்ல. அதான் மடிக்கச் சொல்லுதேன்."

மறுபடி இருமல். அதன் பின்னால் ஒரு சிரிப்பும் வந்தது.

"கித்தேரி என்னய முட்டாப்பயன்னு ஏசிட்டு வெளிய நிக்கா. ஏசட்டும். நாளைக்கு செபஸ்தி எறங்கி வந்தா, அவனும் மடிக்கணும்னுதான் வந்து நிப்பான். அவனையும் இதே மாதிரி ஏசுவா, மடிக்க விடமாட்டா. அந்தத் தைரியத்துலதான் நா மடிக்கேன். ஒருத்தன் விட்டா என்ன, ரெண்டு பேருல ஒருத்தன் கையில கவுறு இருந்தாச் சரி."

அவ்வளவுதான் குறிப்பு. செபஸ்தி மேசைமேல் தலையைக் கவிழ்த்து, தோள் குலுங்கக் குலுங்க அழுதார். கித்தேரி அவரைத் தடுக்கவில்லை. ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக யாரைத் திட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

முகம் கழுவிக்கொண்டு அவர் பந்தல் வேலை கிடக்கிறது என்று கிளம்பிப் போனார். படியில் இறங்கும்போது மீசையை ஒரு தடவை முறுக்கினார். ரெஜினாள் மட்டும் பின்தங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, அவிய எதுக்கு அப்படி அழுதாவ? உள்ள என்ன சொன்னிய?"

குறிப்பில் ரெஜினாளின் பெயர் இல்லை. சட்டம் சட்டம்தான். கித்தேரி கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். கொஞ்ச நேரம் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"சும்மா," என்றாள்.